தெளியாத தண்ணீர்

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்துவிட்டு யோகேஸ்வரன் வீட்டுக்கு வந்தபோது மீன்தொட்டியின் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி வைத்ததுபோல. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் அவரைத் தூக்கிவந்து முன்னறைக் கட்டிலில் சாய்த்தார்கள். அவருடைய மனைவி ரத்னா தலைக்கு ஒன்று, உணர்வில்லாத வலது கைக்கு ஒன்று என்று தலையணை வைத்தாள். அவர் எதையும் கவனிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிக்கு நேராத்தான் கட்டிலப் போட்டிருக்கேன்," என்றாள் ரத்னா. "சும்மா படுத்துக் கெடக்கிற நேரத்துல மீனையாவது பாத்துக்கிட்டு இருக்கலாம்ல."

"நாளைக்கு," என்றார் யோகேஸ்வரன்.

இப்போது அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் இருபத்தாறு வருடமாக எலக்ட்ரீஷியன். கொழுந்து வாட்டும் காற்றாடியிலிருந்து இலை நசுக்கும் ரோலர் வரைக்கும், எந்த மோட்டார் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து, காற்றாடி பெல்டை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். "நாளைக்கு," என்று இவர் பதில் சொன்னார். அடுத்த நிமிஷம் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவர் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும், மூடிய கதவின் இடுக்கில் சிக்கிய துணிபோல, வாயிலேயே நின்றுவிட்டது.

காதில் விழுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் மனதில் வரிசையாக நின்றது. வாயைத் திறந்தால் "நாளைக்கு" என்றுதான் வந்தது. டாக்டர் இதை ரத்னாவுக்குச் சிங்களத்தில் விளக்கினார். கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் வைத்திருந்த அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது.

அவருக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. ஆமாம் என்று தலையசைக்க நினைத்தால் சில சமயம் தலை பக்கவாட்டில் ஆடியது. வேண்டாம் என்று நினைத்தால் மேலும் கீழும் ஆடியது. எப்போது எப்படி ஆடும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆடி முடித்த பிறகுதான் தப்பாகிவிட்டது என்று புரியும்.

அவர் வந்ததைக் கேள்விப்பட்டு, மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, பக்கத்து வீட்டு மீனம்மா எட்டிப் பார்த்தாள். இந்தப் பத்தொன்பது நாளும் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருந்தது.

"அண்ணனோட மீன ஒரு நாளுகூடப் பட்டினி போடலக்கா," என்றாள் ரத்னாவிடம். "காலையில ஒரு கை, சாயந்தரம் ஒரு கை. நான் கிட்டப் போனாலே எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும். பாவம், அம்புட்டுப் பசி. அந்த மோட்டாருதான் எந்நேரமும் கொர்ருன்னு ஓடிக்கிட்டே கெடந்துச்சு. ஆளில்லாத வீட்டுல எதுக்குக் கரண்டுன்னு நிப்பாட்டிட்டேன். காலையில மட்டும் கொஞ்ச நேரம் போட்டுவிடுவேன்."

"நல்ல வேல செஞ்ச," என்றாள் ரத்னா. "நீ இல்லாட்டி யாரு பாப்பா."

யோகேஸ்வரனுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்தது பசியால் அல்ல. மூச்சு முட்டி வந்திருக்கின்றன.

மோட்டாரோடு சேர்ந்த பில்டருக்குள் இருக்கும் பஞ்சு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பழுப்பாக, வழுவழுவென்று. அந்த வழுவழுப்பில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அதில் குடியிருந்து, மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சைத் தின்று தீர்க்கின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு மூச்சு. மோட்டாரை நிறுத்தினால் சில மணி நேரத்தில் சாக ஆரம்பித்துவிடும். பிறகு தீனியும் கழிவும் அப்படியே கிடந்து அழுகும். அதில் வேறொரு கிருமிக் கூட்டம் பெருகித் தண்ணீரெங்கும் மிதக்கும். இந்த வெள்ளை அதுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. மோட்டாரை நிறுத்தாமல் ஓட விட வேண்டும். தீனியை நாலு நாள் நிறுத்த வேண்டும். கோல்ட் பிஷ் அதற்கெல்லாம் சாகாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சைத் தொடவே கூடாது. அப்புறம் பொறுமையாக இருக்க வேண்டும். நாக்கு இருக்கிற யாரும் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

தொட்டியில் ஏழு மீன்கள் இருந்தன. வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முன்கண்ணாடிக்கு வந்து, மறுபடி வெள்ளைக்குள்ளேயே மறைந்தன. அவர் எண்ணிப் பார்த்தார். ஏழும் உயிரோடுதான் இருந்தன.

மறுநாள் காலை ரத்னா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியோடு வந்து நின்றாள்.

"என்னங்க, தொட்டியக் கழுவட்டுமா? பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தலை மேலும் கீழும் ஆடியது.

"நாளைக்கு," என்றார் அவசரமாக.

"எதுக்கு நாளைக்கு? இன்னிக்கே கழுவிடுறேன். நீங்க படுத்திருங்க."

மீன்களைத் துணி துவைக்கும் பேசினில் எடுத்துப் போட்டாள். தொட்டித் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக மொண்டு வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினாள். அடியில் கிடந்த கூழாங்கற்களை வெந்நீரில் போட்டு அலசினாள். கடைசியில் பில்டரின் மூடியைத் திறந்து பஞ்சை எடுத்தாள். "அய்யே, எம்புட்டு அழுக்கு," என்று முகத்தைச் சுளித்தாள். அதையும் வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் ஓடியது. மறுபடி முக்கினாள், மறுபடி பிழிந்தாள். பஞ்சு புதிதுபோல வெள்ளையாகும்வரை விடவில்லை.

யோகேஸ்வரன் இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். ரத்னா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஒண்ணுக்கு வருதா?"

"நாளைக்கு. நாளைக்கு. நாளைக்கு."

"இருங்க, இருங்க," என்று சிறுநீர்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் வேலிச் செடியின் மேல் பஞ்சு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

சாயந்தரம் மோட்டார் ஓட, தொட்டி கண்ணாடிபோல இருந்தது. ஏழு மீனும் பளிச்சென்று தெரிந்தன. ரத்னா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாலில்லாத பிளேன்டீயை ஆற்றி ஆற்றி அவர் வாயில் வைத்தாள். அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கையில் எதுவும் இருக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டாள், நர்ஸ் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். இன்றைக்குத்தான் ஒரு காரியத்தைத் தானே தொடங்கித் தானே முடித்திருக்கிறாள். அது அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் வலித்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் மறுபடி வெளுத்தது. ஐந்தாம் நாள் இரண்டு மீன் மிதந்தன.

ரத்னாவுக்கு அது அவமானம்போல ஆகிவிட்டது. சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தடவை இன்னும் கடுமையாகக் கழுவினாள். கண்ணாடியை உப்பு வைத்துத் தேய்த்தாள். பஞ்சைக் கொதிக்கிற தண்ணீரிலேயே போட்டு வைத்தாள். தீனியையும் கூட்டினாள், மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துகொண்டேயிருந்தன. "தின்னாத்தான தெம்பு வரும்," என்று ஒவ்வொரு தடவையும் அவரிடம் சொல்லிவிட்டே போட்டாள். தண்ணீர் இரண்டு நாள் தெளிந்திருந்தது. பிறகு முன்னைவிடக் கெட்டியாக வெளுத்தது. இன்னொரு மீன் செத்தது.

யோகேஸ்வரன் எழுதிக் காட்டப் பார்த்தார். ரத்னா கலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து, இடது கையில் பென்சிலைச் சொருகினாள். எழுத்துகள் எல்லாம் எங்கோ இருந்தன, ஆனால் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. 'ப' என்ற எழுத்து எப்படித் தொடங்கும் என்பதே மறந்துவிட்டது. சரி, வரைவோம் என்று நினைத்தார். பஞ்சுக்கு ஒரு சதுரம். வேண்டாம் என்பதற்கு அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. வியர்க்க வியர்க்க வரைந்து முடித்தபோது கோணல்மாணலாக ஒரு கட்டமும் உள்ளே இரண்டு கோடும் இருந்தன.

ரத்னா தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சன்னலா? குளிருதா?"

போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர் மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்தினாள்.

மறு வாரம் மாத்திரை வாங்க ஹட்டனுக்குப் போனவள், அவர் வழக்கமாகப் போகும் வளர்ப்பு மீன் கடையைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்வந்தாள். வந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னாள்.

"கடைக்கார தம்பி, ஜெயகாந்தனாம் பேரு. உங்களுக்கு இப்படியாயிருச்சுன்னதும் அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'தண்ணி விசயத்துல அண்ணன் எங்களுக்கே சொல்லிக் குடுப்பாருக்கா, என்ன செய்யணும்னு அண்ணங்கிட்டயே கேட்டுட்டுச் செய்ங்க'ன்னு சொல்லுது. நான் என்னத்தக் கேக்குறது? மருந்து ஏதாச்சும் குடு தம்பின்னு நாந்தான் நச்சரிச்சு வாங்கிட்டு வந்தேன்."

பைக்குள்ளிருந்து சிறிய போத்தலை எடுத்துக் காட்டினாள். நீல மருந்து. மீன் உடம்பில் பூஞ்சை பிடித்தால் போடுவது. கலங்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பஞ்சில் மிச்சம் மீதி ஏதாவது உயிர் பிழைத்திருந்தால் அதையும் கொன்றுவிடும்.

"பத்துச் சொட்டுன்னுச்சு. இருவது போடட்டுமா? தண்ணி ரொம்ப மோசமா இருக்கே."

அவர் தலையை அசைக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அசைத்தால் எந்தப் பக்கம் போகுமோ. அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரத்னா போத்தலைத் திறந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து மகள் ஹம்சினி வீடியோவில் வந்தாள். அங்கே ஒரு கம்பனியில் வேலை. லீவு கிடைக்காததால் அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. ரத்னா போனைத் தொட்டிக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். நீலமும் வெள்ளையும் கலந்த தண்ணீரில் நாலு மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"அம்மா, நான் தேடிப் பாத்தேன்," என்றாள் ஹம்சினி. "ஒருத்தர் வாராவாரம் பில்டரக் கழுவணுங்கிறார். இன்னொருத்தர் பஞ்சுல கையே வைக்கக் கூடாதுங்கிறார். எது சரின்னு தெரியல. அப்பாக்கிட்டக் குடுங்க, கேப்போம்."

ரத்னா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்னத் திரையில் மகள் முகம் நெருங்கி வந்தது.

"அப்பா, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அவசரமே இல்ல. பஞ்சக் கழுவலாமா?"

இந்த ஒரு தடவை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனதுக்குள் தலையை இடமிருந்து வலமாக மூன்று தடவை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். பல்லைக் கடித்துக் கழுத்தைத் திருப்பினார். கழுத்து ஒரு நொடி தயங்கியது. அப்புறம் மோவாய் மார்பைத் தொட்டு மேலே எழும்பி, மறுபடி மார்பைத் தொட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவ்வளவு தெளிவாக அவர் இதுவரை தலையாட்டியதே இல்லை.

"கழுவலாமாம், அம்மா," என்றாள் ஹம்சினி. "அப்பா ஆமாங்கிறாங்க."

"நாளைக்கு," என்று அவர் கத்தினார்.

"சரிப்பா. அம்மா நாளைக்குக் கழுவுவாங்க."

அடுத்த நாள் ரத்னா கழுவினாள். அதற்கு மறுநாள் இரண்டு மீன் செத்தன.

அன்று மதியம் அவள் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தபோது அவர் அவளுடைய கையைத் தட்டிவிட்டார். சோறு பாயிலும் கம்பளியிலும் சிதறியது.

"நான் என்னத்தத்தான் செய்யணும்?" என்றாள் ரத்னா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பிறகு மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. மஸ்கெலியாவுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. மலை உச்சியிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயும் அந்தச் சரிவோடு போய்விட்டது. குடிக்கவும் சமைக்கவும் ரத்னாவும் மீனம்மாவும் கீழே ஊற்று விழும் பீலியில் போய்க் குடத்தில் பிடித்து, வழுக்குகிற படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருடைய துணியைத் துவைக்கவே தண்ணீர் பற்றவில்லை. இதில் தொட்டியைக் கழுவுவது எங்கே? மீன் தீனி டப்பாவும் காலியானது. ஹட்டனுக்குப் போக வழியில்லை.

ஆகவே யாரும் தொட்டியைத் தொடவில்லை.

யோகேஸ்வரன் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். இரண்டாம் நாள் கரண்ட் போனது. வீடு முழுவதும் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. எதுவும் செய்ய முடியாமல், மனதுக்குள் நிமிஷங்களை எண்ணினார். நாற்பதை எட்டியபோது வெளிச்சம் வந்தது. மோட்டார் இருமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சலோ என்று ரத்னா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மழை விட்டு நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் தொட்டியின் பின்மூலையில் கிடந்த கறுப்புக் கல் அவர் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் தெரியாத கல். அடுத்த நாள் அதன் பக்கத்துக் கற்களும் தெரிந்தன. நீலமும் வெளிறியிருந்தது. பெரிய ஆரஞ்சு மீனும் சின்னக் கறுப்பு மீனும் மேலே வந்து வாயைப் பிளக்காமல், அடியில் கல்லைக் கொத்திக்கொண்டு திரிந்தன.

ரத்னா அதைக் கவனிக்க இன்னும் இரண்டு நாளாயிற்று. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"தெளிஞ்சிருக்கே," என்றாள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "நான் ஒண்ணுமே செய்யலையே. எப்படித் தெளிஞ்சுச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். இப்போது புரிந்துகொள், இப்போது புரிந்துகொள் என்று பார்த்தார். அவள் அதிசயப்பட்டுக்கொண்டே உலை வைக்கப் போய்விட்டாள்.

பாதை திறந்தது. குழாயும் சரியாயிற்று. ரத்னா ஹட்டனுக்குப் போய்ப் புதுத் தீனி டப்பா வாங்கிவந்தாள். வந்த அன்றே வாளியை எடுத்தாள்.

"கொஞ்சம் தெளிஞ்சிருக்கப்பவே ஒரு தடவ நல்லாக் கழுவிட்டா அப்படியே நின்னுரும்," என்று சொல்லிக்கொண்டு பில்டரின் மூடியைத் திறந்து பஞ்சை எடுத்தாள். பஞ்சில் அப்போதுதான் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. கட்டிலைத் தாண்டி அவள் போகும்போது யோகேஸ்வரன் அவளுடைய முந்தானையை எட்டிப் பிடித்தார்.

"என்னங்க?"

விடவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள். இடது கையில் இத்தனை பலம் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

"கழுவ வேணாமா?"

தலை ஆடியது. எப்படி ஆடியதோ. "நாளைக்கு," என்றார்.

"நீங்க ஆமாங்கிறீங்களா, இல்லங்கிறீங்களா, எனக்கு ஒண்ணும் புரியலங்க. சத்தியமாப் புரியல." அவள் களைத்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வைக்க இடமில்லாமல், கையிலிருந்த வெறும் வாளியை அவர் பக்கத்திலேயே வைத்தாள்.

யோகேஸ்வரன் முந்தானையை விட்டார். வாளியைத் தள்ளினார். அது உருண்டு தரையில் விழுந்து சத்தத்தோடு சுவர் வரைக்கும் போனது.

ரத்னா வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்துபோய் அதை எடுத்துவந்து மறுபடி கட்டிலில் வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார்.

இந்தத் தடவை அவள் வாளியை எடுக்கப் போகவில்லை. மெதுவாக, மறு கையிலிருந்த ஈரப் பஞ்சை அவர் கைக்கருகே நீட்டினாள். அவர் அதை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பழுப்புத் தண்ணீர் சட்டையில் இறங்கியது. அவள் வாங்கப் பார்த்தபோது கொடுக்கவில்லை.

"இதக் கழுவக் கூடாது," என்றாள் ரத்னா, யாரோ சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுபோல. எழுந்து மோட்டாரின் பிளக்கில் கையை வைத்தாள். அவர் கட்டிலை அடித்தார். கையை எடுத்தாள். அடிப்பதை நிறுத்தினார். "இத நிப்பாட்டக் கூடாது." கடைசியாக, பைக்குள்ளிருந்து புதுத் தீனி டப்பாவை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள்.

அவள் வைக்கும்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். கொஞ்சமாகப் போடலாம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை போடலாம் என்று காட்டும் வழி இருந்திருந்தால் காட்டியிருப்பார். கையில் இருந்தது ஒரே அசைவு. டப்பாவைத் தட்டிவிட்டார். அது கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

ரத்னா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கூடி வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தானே இத்தனை வாரமாகத் தவித்தார். இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் புரிந்துகொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தார். புரிந்த பிறகு அவளுக்கு என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"அப்ப, நான் கழுவினதுலதான் செத்துச்சா?" என்றாள். "நான் தீனி போட்டதுல. அந்த மருந்துல." விரலை மடக்கினாள். "அஞ்சு. நீங்க பாத்துக்கிட்டே கெடந்தீங்க. அன்னிக்குக் கட்டில அடிச்சீங்களே, நான் போத்தலக் கொண்டாந்து வச்சேன்."

அவளுக்குத் தெரியாத ஒன்று அவரிடம் இருந்தது. தொட்டி வாங்கிய முதல் வருடம் அவர் பதினொரு மீனைக் கொன்றிருக்கிறார். இதே மாதிரிதான். தண்ணீர் வெளுத்தது, கழுவினார், செத்தன. மறுபடி கழுவினார், மறுபடி செத்தன. வெட்கத்தில், செத்ததைத் தொழிற்சாலைக்குப் பின்னால் தேயிலைத் தூசி கொட்டும் இடத்தில் புதைத்துவிட்டு, அவளும் மகளும் பார்ப்பதற்குள் ஹட்டனுக்குப் போய் அதே நிறத்தில் வேறு வாங்கிவந்து போட்டுவிடுவார். 'உங்க அப்பாவுக்கு ராசியான கை, ஒரு மீனு சாகல,' என்று ரத்னா ஹம்சினியிடம் பெருமையாகச் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இதைச் சொன்னால் போதும். அவள் முதலில் திட்டுவாள், பிறகு சிரித்துவிடுவாள்.

"நாளைக்கு," என்றார். "நாளைக்கு. நாளைக்கு."

"ஆமாங்க," என்றாள் ரத்னா. அவர் கையிலிருந்த பஞ்சை மெதுவாக வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். அதை இருந்தபடியே பில்டரில் வைத்து மூடினாள். ஈரத் துணியால் அவர் சட்டையைத் துடைத்தாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். கையில் பஞ்சின் அழுக்கு இருந்ததால் அவள் அதையும் எடுத்துத் துடைத்துவிட்டு, பத்திரமாகக் கம்பளிக்குள் வைத்தாள்.

அதன் பிறகு தொட்டி கலங்கவில்லை. இரண்டு மீன்களும் பிழைத்துக்கொண்டன. புது மீன் வாங்கிவரட்டுமா என்று ஹம்சினி கேட்டதற்கு ரத்னா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எப்போதாவது ஒரு சிட்டிகை தீனியை எடுத்து அவரிடம் காட்டுவாள். அவர் கை அசையாமல் இருந்தால் போடுவாள், அசைந்தால் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டுவாள். மற்ற நேரத்தில் அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவருக்குச் சோறு ஊட்டும்போதுகூட, தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள்.

மாதம் ஒரு தடவை அவரை ஆட்டோவில் ஏற்றி, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் கூட்டிப்போனாள். மூன்றாம் மாதம் அந்தப் பெண் தன் உதட்டைப் பார்க்கச் சொல்லி, தாளம் தட்டி, ஒரு சொல்லைப் பழக்கினாள். வீட்டுக்கு வந்தும் அவர் சுவரைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகல், ரத்னா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, அது வந்துவிட்டது.

"தண்ணி," என்றார்.

ரத்னா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குத்தான் ஓடினாள். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள்.

"திரும்பக் கலங்கிருச்சா? எங்கங்க? நான் ஒண்ணும் செய்யலையே. நான் தொடவே இல்லையே."

தொட்டி தெளிவாக இருந்தது. ஆரஞ்சு மீன் அவள் கையிருந்த பக்கமாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் குடிக்கத்தான் கேட்கிறார் என்று அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அடுப்படிக்குப் போய் ஆறிய வெந்நீரை டம்ளரில் கொண்டுவந்து, அவர் தலையை ஒரு கையால் தூக்கி வாயில் வைத்தாள்.

அவருக்குத் தாகம் இல்லை. குடித்தார்.